ஒன்பதாம் நம்பர் வீட்டின் ஆறு புதல்வர்கள்

1942 ஜூன் 8, திங்கள்

நாற்பது வருஷத்துக்கு முன்னால், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். ‘என் வீடு’ என்ற தலைப்பில் பத்து வரி எழுதச் சொல்லியிருந்தேன். “சார், வீடு இல்லாதவன் என்ன எழுதுவான்?” என்றான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். “வெறும் தாளைக் கொடுத்துட்டு முட்டை வாங்குவான், உட்காரு” என்றேன். பையன் பெயர் ஓஸ்வால்ட்.

இன்று அவனே அதற்கு விடை கண்டுபிடித்துவிட்டான். அவர் என்று எழுதவேண்டும். இந்தக் கன்டோன்மென்ட்டில், கிளீவ்லண்ட் டவுனில் மூன்று வீடும், மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மரச்சாமான் கடையும் உடையவரை அவன் இவன் என்று எழுதக்கூடாது. அதிலும் அந்த மூன்று வீட்டில் ஒன்றில் நானும் என் மனைவி கோமளமும் குடியிருக்கும்போது.

ஓஸ்வால்ட் தலைவராக இருக்கும் தெருவோர நலச் சங்கம் மாலையில் கூடியது. டீ, கேக், பிறகு நலம். “பட்டாளத்துல சோறு, துணி, பூட்ஸ், கூரை எல்லாம் ஃப்ரீ. நாட்டுக்கு ஆள் வேணும், இவங்களுக்கு வீடு வேணும். இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்றார் தலைவர். அவர் கடைத் தாழ்வாரத்தில் பதினொரு பேர் படுக்கிறார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் கேட்டது.

ஒரு உதாரணம் சொல்லலாமா என்று நினைத்தேன்: குடை இல்லாமல் மழையில் நிற்பவனைக் குளத்தில் தள்ளிவிட்டால், மழை அவனை நனைக்காது. சொல்லவில்லை. என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். “உங்க கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் சார்” என்றார் ஓஸ்வால்ட். தகுதி வேறென்ன வேண்டும்.

ஜூன் 10, புதன்

காலையில் நோட்டும் சங்கத்தின் ஃபாரமுமாகத் தாழ்வாரத்துக்குப் போனேன். பதினொரு ஆண்கள். அதில் ஒருவன் மட்டும் குடும்பத்தோடு: மதலைமுத்து, மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன், முப்பது வயது இருக்கும், பேசுவதைவிட இருமுவது அதிகம். மனைவி அருளாயி. இடுப்பில் ஒரு குழந்தை.

முதல் தூணருகில் கால் ஊனமான ஒரு கிழவர், பெர்னார்ட். “பட்டாளத்துக்குப் போக இஷ்டமா?” என்று சங்கம் தயாரித்துக் கொடுத்த கேள்வியைக் கேட்டேன்.

“போய்ட்டு வந்தாச்சு சார். மெசபடோமியா. நாலு வருஷம் கோவேறு கழுதை மேச்சேன். கால் அங்க போச்சு.”

“அதற்குப் பிறகு?”

“அதுக்கப்புறம்தான் இந்தத் தூணு.” பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, “உள்ள போனா கூரை குடுப்பாங்க சார், நெசம்தான். வெளிய வந்தா யாரு குடுப்பாங்கன்னு உங்க ஃபாரத்துல கேட்டிருக்குதா?” என்றார்.

கேட்டிருக்கவில்லை. விசாரித்ததில் பதினொன்றில் மூவர் போன யுத்தத்துச் சிப்பாய்கள். அதாவது நாம் கொடுக்கப்போகும் மருந்தை ஏற்கெனவே குடித்தவர்கள். ஓஸ்வால்டிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

“அது போன யுத்தம் சார்” என்றார்.

ஜூன் 13, சனி

மதலைமுத்துவைப் பட்டாளத்தில் எடுக்காமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மார்பளவு சரி, பல் சரி. மூச்சைக் கேட்க டாக்டருக்கு நேரம் இல்லை, அதனால் மூச்சும் சரி. ஆனால் நிரந்தர விலாசம் இல்லை. ஹவில்தார் தெளிவாகச் சொன்னாராம்: “வீடு இல்லாத ஆளை எடுக்க முடியாது. நாளைக்கு நீ ஓடிப்போனா எந்த வீட்டுல வந்து தேடுறது?”

வீடு இல்லாதவனுக்கு வீடு கொடுக்கும் பட்டாளத்தில் சேர வீடு வேண்டும். சங்கம் இதை யோசிக்கவில்லை. கேக் நன்றாயிருந்தது.

அருளாயிதான் கொதித்தாள். ஆள் உள்ளே போனால் குடும்பத்துக்கு மாதா மாதம் மணியார்டர் வரும். ப்ளாக்பள்ளியில் விறகுக் கடைக்குப் பின்னால் ஒரு அறையைப் பார்த்து வைத்திருக்கிறாள். “மூணாந்தூணு, மரக்கடை வராண்டான்னு எழுதிக்கச் சொன்னேன் சார். தூணுக்குத் தபால்காரன் வரமாட்டானாம். நாய் வருது, போலீஸ் வருது, மழை வருது. தபால்காரன் மட்டும் வரமாட்டான்.”

மதலைமுத்து தலையைக் குனிந்துகொண்டு இருமினான். மழைக்காலம் ஆரம்பித்துவிட்டது. குழந்தைக்கும் சளி.

ஜூன் 14, ஞாயிறு

சர்ச்சில் பிரசங்கம் நீளம். விருந்தோம்பல் பற்றி. வெளியே வரும்போது வாசற்படியில் படுத்திருந்தவனை எல்லோரும் கவனமாகத் தாண்டினார்கள். யாரும் மிதிக்கவில்லை, அதுவும் ஒரு விருந்தோம்பல்தான்.

ஜூன் 16, செவ்வாய்

விலாசத்தைக் கொடுத்துவிட்டேன்.

கோமளத்திடம்தான் முதலில் கேட்டேன். பருப்பு களைந்துகொண்டே, “விலாசந்தானேங்க? அது என்ன, எழுத எழுதத் தேயுமா?” என்றாள். முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் குழந்தை இல்லாத வீடு இது. நம்பராவது நாலு பேருக்கு உபயோகப்படட்டும் என்று நினைத்தாளோ என்னவோ. கேட்கவில்லை.

மதலைமுத்துவுக்கு என்று போனேன். இன்னும் ஐந்து பேர் எழுந்து நின்றார்கள். ஐந்து பேரிடம் இல்லை என்று சொல்ல எனக்குப் பயிற்சி போதாது. ஆறு பேரையும் உட்காரவைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தேன்: “ஒன்பதாம் நம்பர், கிணற்றுத் தெரு, கிளீவ்லண்ட் டவுன், தியோடர் சார் வீடு.” இருபது தடவை, ஒரே குரலில். பெர்னார்ட் தூணில் சாய்ந்து தாளம் போட்டார். ரிட்டயர் ஆகி நாலு வருஷம் கழித்து ஒரு வகுப்பு. தொண்டை கட்டிவிட்டது. சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஜூன் 22, திங்கள்

ஆறு பேரும் தேறினார்கள். ரோடு போடும் பட்டாளம். என் மாணவர்களில் இவ்வளவு தேர்ச்சி விகிதம் கண்டதில்லை.

ஜூலை 6, திங்கள்

இதை நிதானமாக எழுதவேண்டும்.

காலையில் பட்டாள ஆபீஸிலிருந்து ஒரு குமாஸ்தா சைக்கிளில் வந்தார். கையில் ஆறு ஃபாரம். என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். “தியோடர் சார் நீங்கதானே? ஆறு பிள்ளைங்களையும் அனுப்பிட்டீங்க. உங்களைப் பாக்கணும்னு சுபேதார் சாகிபே சொன்னாரு.”

ஃபாரத்தை வாங்கிப் பார்த்தேன். ஆறிலும் தகப்பன் பெயர்: தியோடர்.

நடந்தது இதுதான். விலாசம் என்ன என்று கேட்டார்கள். பாடம் முழுவதும் ஒப்பித்தார்கள். தகப்பன் பெயர் என்ன என்று கேட்டார்கள். அதே பாடத்தை முழுவதும் ஒப்பித்தார்கள். அதில் இருந்தது ஒரே ஒரு மனிதனின் பெயர். எழுதியவர் அதை எடுத்துக்கொண்டார். முப்பத்தாறு வருஷம் நான் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். கேள்வி எதுவானாலும் பாடம் முழுவதும் வரும். பள்ளியில் இதற்குத் தேர்ச்சி என்று பெயர்.

குமாஸ்தா நல்லவர், கணக்கும் தெரிந்தவர். “மூத்தவருக்கு முப்பத்தெட்டுன்னு இருக்கு. அம்மாவுக்கு?”

“ஐம்பத்தைந்து.”

“சரி, ஆகும். இதுல ரெண்டு பேரு ஒரே மாசம் பொறந்திருக்காங்க.”

“இரட்டை” என்றாள் கோமளம், உள்ளேயிருந்து. நான் திடுக்கிட்டேன்.

“ஒருத்தர் பேரு இஸ்மாயில்னு இருக்கே அம்மா?”

“அவன் என் பக்கத்து ஜாடை” என்றாள்.

குமாஸ்தா சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “சார், தப்புன்னு நீங்க எழுதினா ஆறு ஃபாரமும் திரும்பப் போகும். மறுபடி போலீஸ் விசாரணை, மூணு மாசம். அதுவரைக்கும் குடும்ப மணியார்டர் நிக்கும். யோசிச்சு எழுதுங்க.”

ஒரு பொய்க்கு ஒரு பிரம்படி என்று வைத்திருந்தவன் நான். ஆறு பொய் என்றால் ஆறு. ஜன்னல் வழியே பார்த்தேன். தெரு முழுவதும் மழை. தாழ்வாரத்துக்கு மேற்கிலிருந்து சாரல் அடிக்கும். அருளாயி குழந்தையோடு தூணுக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பாள்?

‘மேற்கண்ட நபர் தங்கள் வீட்டைச் சேர்ந்தவரா?’ ஆம். ஆம். ஆம். ஆறு கையெழுத்து. அச்சு மாதிரி.

குமாஸ்தா போன பிறகு கோமளம் டம்ளரில் காப்பி கொண்டுவந்து வைத்தாள். “ஏங்க, எனக்குத் தெரியாமலே ஆறா?” என்றாள். பிறகு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு வெகுநேரம் ஜன்னலைத் துடைத்தாள். அது துடைத்த ஜன்னல்தான்.

ஜூலை 30, வியாழன்

முதல் மணியார்டர் வந்தது. அருளாயி எங்கள் வாசலில் கைநாட்டு வைத்து வாங்கி, அப்படியே ப்ளாக்பள்ளிக்கு நடந்தாள். சாயங்காலம் வந்து, “அறைக்குக் கதவு இருக்குது அம்மா. உள்ளாற தாழ்ப்பாள்” என்று கோமளத்திடம் சொன்னாளாம். ஒருமுறை அல்ல, நாலைந்து முறை.

நியாயமாக எழுதவேண்டும். ஓஸ்வால்ட் சொன்னது ஒரு குடும்பத்துக்குப் பலித்துவிட்டது. பதினொன்றில் ஒன்று. நான் பேப்பர் திருத்தினால் இதற்குப் பாஸ் போடமாட்டேன், ஆனால் முட்டையும் போடமுடியாது.

ஆகஸ்ட் 15, சனி

‘வெள்ளையனே வெளியேறு’ என்று ஒரு வாரமாகக் கடையடைப்பு, கல்வீச்சு, லத்தி. நலச் சங்கம் கூடவில்லை. நலம் நிற்கவில்லை என்று நம்புகிறேன்.

செப்டம்பர் 26, சனி

எனக்கு ஒரு பத்திரம் கொடுத்தார்கள். ஒரே வீட்டிலிருந்து ஆறு புதல்வர்களை அரசருக்கு அளித்ததற்காக. தங்க விளிம்பு. மேலே சிங்கம்.

மேடையில் அதை என் கையில் கொடுத்தவர் ஓஸ்வால்ட். எனக்குக் குழந்தை இல்லை என்பது அவருக்குத் தெரியும். அவருடைய வீட்டில்தான் பன்னிரண்டு வருஷமாகக் குழந்தை இல்லாமல் இருக்கிறேன். ஆனால் அந்த ஆறும் சங்கத்தின் கணக்கில் ஏறியிருக்கிறது. “இப்படிப்பட்ட தகப்பனார்கள் நம் கன்டோன்மென்ட்டுக்கே பெருமை” என்று கண்ணை இமைக்காமல் பேசினார். எனக்கு அவரைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது. நான் பொய் எழுதுவதற்கு முன் ஜன்னல் வழியே மழையைப் பார்க்கவேண்டியிருந்தது.

பெர்னார்ட் கடைசி வரிசையில் நின்று எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டினார்.

அக்டோபர் 12, திங்கள்

வீட்டைக் காலி செய்யவேண்டும். பத்து நாள்.

பட்டாள அதிகாரிகள் தங்க வீடுகள் தேவையாம். சர்க்கார் பிடுங்கிக்கொள்வதற்கு முன் ஓஸ்வால்ட் தாமே முன்வந்து ஒன்பதாம் நம்பரைக் கொடுத்துவிட்டார். நேரில் வந்து சொன்னார். அந்த மரியாதை அவரிடம் என்றும் உண்டு. “நாட்டுக்காக சார். மத்தவங்களுக்குச் சொன்னாப் புரியாது. நீங்க ஆறு பேரைக் குடுத்தவரு.”

நான் சுவரைப் பார்த்தேன். சிங்கம் மாட்டியிருந்தது.

“அவங்க லெட்டர் எல்லாம் இந்த விலாசத்துக்குத்தானே வரும், ஓஸ்வால்ட்?” என்று கேட்டேன்.

“அதுக்கென்ன சார், வாட்ச்மேன்கிட்ட சொல்லிட்டாப் போச்சு. பர்வாயில்ல.”

ஆக, வீடற்றவனுக்குப் பட்டாளம் வீடு கொடுக்கும். யார் வீட்டை என்றுதான் சங்கம் குறிப்பிடவில்லை. நானும் அன்று கேட்கவில்லை. கேக் தின்றுகொண்டிருந்தேன்.

அக்டோபர் 19, திங்கள்

பென்சன் டவுன், குக் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன், அல்சூர். கால் வீங்கிவிட்டது. இருக்கிற வீடெல்லாம் ஆபீசர்களுக்கு. ஒரு வீட்டுக்காரர் கேட்டார்: “இப்ப எங்க இருக்கீங்க?” காலி செய்யப்போகிற வீட்டைச் சொன்னேன். “நிரந்தர விலாசம் இருக்கா?” என்றார்.

ஹவில்தார் ஞாபகம் வந்தது. அவர்மேல் வைத்திருந்த கோபத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். எல்லோரும் ஒரே ஃபாரத்தைத்தான் நிரப்பச் சொல்கிறார்கள்.

கோமளம் பாத்திரங்களைச் சாக்கில் கட்டுகிறாள். எதுவும் கேட்பதில்லை. கேட்டால் நன்றாயிருக்கும்.

அக்டோபர் 21, புதன்

அருளாயி வந்தாள். விசாரித்தாள். இடுப்புக் குழந்தையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றினாள்.

“பேப்பர்படி நீங்க எனக்கு மாமனாருதானே சார்?”

“பேப்பர்படி.”

“அப்ப இன்னாத்துக்கு வூடு தேடிக்கினு திரியிறீங்க? மருமவ வூடு இருக்குதில்ல? நடுவுல ஒரு துணி கட்டிக்கலாம். சட்டி பானை எல்லாம் தூக்கிக்கினு வர ஆளு சொல்லியாச்சு.”

நான் என்னென்னவோ சொன்னேன். அது எப்படி, உனக்குச் சிரமம், இடம் போதாது. அறையும் ஒன்று, அதுவும் அவள் கையில் சாவி வந்து மூன்று மாதம்தான். கோமளம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். “ஆறு ஃபாரத்துல கையெழுத்துப் போட்டீங்கல்ல? போட்டது போட்டதுதான். நடங்க” என்றாள்.

நடந்தேன்.

நவம்பர் 2, திங்கள்

தங்கைக்குக் கடிதம் எழுதினேன். என் விலாசம்: மே/பா அருளாயி, விறகுக் கடைக்குப் பின்புறம், ப்ளாக்பள்ளி. எழுதிப் பார்த்ததில் பழையதைவிட நீளம். கௌரவம்.

பெர்னார்டுக்கு வேலை கிடைத்துவிட்டது. ஒன்பதாம் நம்பரில் ஆபீசர்களுக்கு வாட்ச்மேன். என் பழைய வராண்டாவில்தான் படுக்கை. போன யுத்தத்துக்குச் சேரவேண்டிய கூரை, இருபத்துநாலு வருஷம் கழித்து, இந்த யுத்தத்தில் கிடைத்திருக்கிறது. சர்க்கார் தாமதிக்கும், மறக்காது. கடிதமும் மணியார்டரும் வந்தால் தபால்காரரை இங்கே அனுப்பிவைப்பது அவர்தான்.

டிசம்பர் 25, வெள்ளி

மதலைமுத்துவின் கடிதம். யாரோ எழுதிக்கொடுத்தது. ‘அன்புள்ள அப்பாவுக்கு’ என்று ஆரம்பிக்கிறது. பட்டாளத்தில் கடிதம் பிரித்துப் பார்க்கிறவர்கள் சந்தேகப்படக்கூடாது என்பதற்காக இருக்கலாம். நான் அந்த வரியைக் கோமளத்துக்கு இரண்டுமுறை வாசித்தேன், அவளுக்குக் காது சரியாகக் கேட்கிறது என்றாலும்.

‘இங்கே மழை விடவில்லை. கூடாரத்தில் பதினாறு பேர். கூடாரத்துக்கு நம்பர் கிடையாது. யாராவது கேட்டால் நான் ஒன்பதாம் நம்பர் பாடத்தைச் சொல்லிவிடுகிறேன்.’

இருமலைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. எழுதாததுதான் பயமாக இருக்கிறது. அவன் மூச்சில்தான் இந்தக் கூரை நிற்கிறது. அவன் நின்றால் மணியார்டர் நிற்கும். அருளாயிக்கும் தெரியும். துணிக்கு அந்தப் பக்கம் குழந்தைக்கு ஏதோ பாடிக்கொண்டிருந்தாள், எப்போதையும்விடச் சத்தமாக.

1943 மார்ச் 18, வியாழன்

வந்துவிட்டான்.

மதலைமுத்துவுக்கு நெஞ்சு கெட்டுப்போய்விட்டது, சேவைக்குத் தகுதியில்லை என்று அனுப்பிவிட்டார்கள். வீடு வரைக்கும் ரயில் பாஸ் கொடுத்திருக்கிறார்கள். எந்த வீடு? காகிதத்தில் இருக்கும் வீடு. நேராக ஒன்பதாம் நம்பருக்குப் போய் நின்றிருக்கிறான். உள்ளே ஆபீசர்கள் டென்னிஸ் மட்டையோடு. வாசலில் பெர்னார்ட்.

“எத்தினி வருசம்டா ஆச்சு?”

“ஒம்பது மாசம்ணே.”

“எனக்கு நாலு வருசம் புடிச்சுது. நீ கெட்டிக்காரன்” என்றாராம். பிறகு ஊனக் காலோடு அவனைத் தோளில் தாங்கிக்கொண்டு ப்ளாக்பள்ளி வரை நடந்திருக்கிறார். எங்கள் வாசலில் விட்டுவிட்டு, “சார், அன்னைக்கு நான் கேட்டதுக்கு உங்க ஃபாரத்துல இடம் போட்டாச்சா?” என்றார். சிரிக்கவில்லை. நானும்.

அருளாயி அழவில்லை. கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டாள். யாரோ அவனைத் திரும்பக் கேட்டு வந்துவிடுவார்கள் என்பதுபோல.

மார்ச் 22, திங்கள்

இனி மணியார்டர் இல்லை. வாடகை என் பென்ஷனில். அருளாயி நாளை முதல் இரண்டு வீட்டில் துணி துவைக்கப் போகிறாள். கோமளம் குழந்தையை வைத்துக்கொள்கிறாள். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, பால், முட்டை, நல்ல காற்று என்று சொன்னார்கள். காற்று எங்கே விற்கிறது என்று கேட்க நினைத்தேன்.

ஏப்ரல் 5, திங்கள்

ஓஸ்வால்ட் வந்தார். விலாசம் கண்டுபிடிக்க ரொம்பக் கஷ்டப்பட்டாராம். டிரங்குப் பெட்டிமேல் உட்காரவைத்தேன். சங்கத்தின் ஆண்டறிக்கை கொண்டுவந்திருந்தார்.

“தாழ்வாரம் காலி சார். கம்பி கேட் போட்டாச்சு. ‘வீடற்றோர்: பூஜ்யம்’னு முடிச்சிருக்கேன். செயலாளர்னு நீங்க ஒரு கையெழுத்து. கீழ விலாசம்... என்ன போடறது?”

“மே/பா அருளாயி.”

“அது யாரு சார்?”

“என் மருமகள்.”

துணிக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. ஓஸ்வால்ட் மெதுவாக, “உள்ளே யாரு?” என்றார்.

“உங்க அறிக்கையில் முதல் பெயர். நான் கொடுத்த ஆறில் ஒன்று திரும்பி வந்துவிட்டது.”

அவர் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். மூன்றாம் வகுப்பிலும் இப்படித்தான், பதில் தெரியாவிட்டால் தொப்பியைச் சுற்றுவான். எனக்குக் கோபம் வரவில்லை. நல்ல கேள்வி கேட்ட பையன், வாத்தியார்தான் சிரித்துவிட்டான்.

“ஓஸ்வால்ட், அன்று உனக்குத் தப்பான பதில் சொல்லிவிட்டேன்” என்றேன். அறிக்கையில் கையெழுத்துப் போடவில்லை. நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, மேலே ‘என் வீடு’ என்று எழுதி அவரிடம் கொடுத்தேன். சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். எழுதுவாரோ, கம்பி கேட்டுக்கு இன்னொரு பூட்டு வாங்குவாரோ, தெரியாது.

சாயங்காலம் மதலைமுத்து எழுந்து உட்கார்ந்தான். வந்த பதினெட்டு நாளில் இன்றுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்தான். அடுப்புக் கரி ஒரு துண்டு எடுத்துக் கதவில் ஏதோ எழுதினான். போய்ப் பார்த்தேன். 9. கோணல், ஆனால் ஒன்பதுதான்.

“இது ஒன்பதாம் நம்பர் இல்லையேடா” என்றேன்.

“எனக்கு வேற எதுவும் வராதே அப்பா” என்றான்.

திருத்தவில்லை.

இந்த நோட்டு என்றாவது யார் கையிலாவது கிடைத்தால், அவருக்கு ஒரே ஒரு வீட்டுப்பாடம்: ஒரு தாளை எடுங்கள், ‘என் வீடு’ என்று தலைப்பு எழுதுங்கள், கதவு, கூரை, தெரு, நம்பர் எதையும் சொல்லாமல் பத்து வரி எழுதிப் பாருங்கள்.